தள்ளுபடி டெமோ மிஷினைக் கழற்றிப் பார்த்தபோது

வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டுவதற்காகக் கடையில் மேசை மேல் வைத்திருந்த தையல் மிஷினை, புது மாடல் வந்ததும் விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். மதினி வாங்கி வந்தது அப்படி ஒரு டெமோ பீஸ்தான். பெட்டி பிரிக்காமல் வாங்கினால் 14,000 ரூபாய், இது 9,500. வெள்ளை உடம்பு, மேலே கீறல் இல்லை. இரண்டு டயல், ஜிக்ஜாக், நாலு ஸ்டெப் பட்டன்ஹோல், முன்பக்கம் போடுகிற பாபின் கேஸ் (கீழ்நூல் சுற்றிய பாபினை வைக்கும் கூடு). கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதுவும் இல்லாத சாதாரண மிஷின். ரவிக்கை தைப்பதற்கு அவரிடம் கறுப்பு மிதி மிஷின் இருக்கிறது. சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கவும் ஓரம் மடிக்கவும்தான் இது.

கடையில் தையல் அச்சடித்தாற்போல் விழுந்ததாம். வீட்டுக்கு வந்து ஜார்ஜெட் சேலையில் ஓட்டினால் ஜிக்ஜாக் விட்டு விட்டு விழுகிறது. பனியன் துணியில் இன்னும் மோசம். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் என் வீட்டு மிஷின்களுக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டு ரொம்ப காலம் ஆகிறது. அதனால் மிஷின் என் மேசைக்கு வந்தது.

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் கேட்டது பில்லைத்தான். “பில் இருக்கா மதினி? கேரண்டி கார்டு?”

“பில்லு குடுத்தாங்க. கார்டு பெட்டியிலயே இருக்கும்னு சொன்னாங்க.”

பெட்டியில் இருந்த கார்டில் கடை முத்திரை இல்லை. பில்லில் மாடல் பெயரும், பக்கத்தில் ‘டெமோ, தள்ளுபடி’ என்று கையெழுத்தில் ஒரு வரியும். மிஷினுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் ஒரு சீரியல் நம்பர். பெட்டியின் பக்கவாட்டில் வேறொன்று. கூட இருந்த விளக்கப் புத்தகம் அதே கம்பெனியின் இன்னொரு மாடலுக்கானது. மேசையில் நின்ற மிஷினுக்குக் கைக்குக் கிடைத்த பெட்டியைப் போட்டிருக்கிறார்கள். கேரண்டி கேட்டுப் போனால் முதலில் பார்ப்பதே அந்த நம்பரைத்தான். கடைக்குப் போன் செய்தால், “டெமோ பீஸுக்கு கேரண்டி கிடையாதும்மா, வேணும்னா மெக்கானிக்கை அனுப்புறோம்” என்றார்கள். யாரும் வரவில்லை. மிஷினைத் திறந்தால் கேரண்டி போய்விடும் என்ற பயம் அதோடு போயிற்று. திறந்தேன்.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ஊசியைக் கழற்றிப் பார்த்தால் 16 நம்பர், முனை மழுங்கியது. அதை எடுத்துவிட்டு ஜார்ஜெட்டுக்கு ஏற்ற 11 நம்பர் புது ஊசி, தட்டையான பக்கம் பின்னால் இருக்கும்படி. நூலும் நல்ல நூலாக மாற்றினேன். நேர்த்தையல் சுத்தமாக விழுந்தது. ஜிக்ஜாக்கை அகலமாக வைத்ததும் ஒரு பக்கக் குத்து மட்டும் விட்டுப்போனது. எப்போதும் அதே பக்கம். அப்படியானால் பிரச்சினை ஊசியிலோ நூலிலோ இல்லை, உள்ளே இருக்கிறது.

கடையில் மட்டும் எப்படி ஒழுங்காகத் தைத்தது? டெமோ காட்டுகிறவர்கள் எடுப்பது கஞ்சி போட்ட மாதிரி விறைப்பான துணியை, அதுவும் இரண்டு மடிப்பாக. ஊசி கீழே போய் மேலே கிளம்பும்போது அதன் முதுகுப் பக்கம் நூல் சின்னதாக வளைந்து ஒரு கண்ணி மாதிரி புடைக்கும். ஊசிக்குக் கீழே, பாபின் கேஸைச் சுற்றி ஓடுகிற ஷட்டிலின் கூர்முனை அந்தக் கண்ணிக்குள் புகுந்தால்தான் தையல். விறைப்பான துணி அசையாமல் கிடக்கும், அதனால் கண்ணி பெரிதாக விரியும், ஷட்டில் கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் பிடித்துக்கொள்ளும். ஜார்ஜெட்டும் பனியன் துணியும் ஊசியோடு சேர்ந்து மேலே எழும்பும், கண்ணி விரியவே விரியாது. மிஷினில் உள்ள கோளாறு அப்போதுதான் வெளியே வரும். கடைக்காரர் துணியில் ஓட்டிப் பார்ப்பது மிஷினைச் சோதிப்பதே ஆகாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதலில் கழற்றியது, துணியை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் ஃபுட்டை. திருப்பிப் பார்த்ததுமே பாதிக் கதை தெரிந்துவிட்டது. கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்க வேண்டிய அடிப்பாகத்தில் குறுக்கு மறுக்காக அரம் போட்டாற்போல் வரிகள். துணி வைத்துத் தைத்த மிஷினில் இது வராது. ஃபுட்டை இறக்கி, துணியே வைக்காமல் பெடலை மிதித்தால், துணியை நகர்த்துவதற்காகக் கீழே இருக்கும் பல் நேராக ஃபுட்டின் வயிற்றில் உராயும். கடையில் நடப்பது அதுதான். வருகிறவர் எல்லாம் ஒரு தடவை பெடலை அமுக்குவார். குழந்தைகள் இன்னும் நாலு தடவை. விளக்கு எரிகிறது, சக்கரம் சுற்றுகிறது, எல்லோருக்கும் திருப்தி. பல்லைத் தடவிப் பார்த்தேன். நடு வரிசையில் முனைகள் உருண்டு போயிருந்தன. ஒரு வருஷம் வீட்டில் தைத்த மிஷினில் பல் இப்படித் தேய்ந்து நான் பார்த்ததில்லை. டெமோ மிஷின் தைத்துத் தேய்வதில்லை, தைக்காமல் ஓடித் தேய்கிறது. அந்தத் தேய்மானம் எதுவும் வெளியே தெரியாது, வெள்ளை உடம்பு அப்படியே பளபளக்கும்.

அடுத்தது ஊசித்தட்டு. இரண்டு திருகு, கையோடு வந்துவிட்டது. ஜிக்ஜாக்குக்கான நீளத் துளையின் ஒரு ஓரத்தில், சரியாகத் தையல் விடுகிற பக்கத்தில், பளபளப்பான சின்னப் பள்ளம். ஊசி இடித்த தழும்பு. துணியில் ஊசி இறங்கியிருக்கும்போதே யாரோ டயலைத் திருப்பியிருக்க வேண்டும். ஊசி வளைந்து, பிறகு ஓட்டியபோது தட்டில் மோதியிருக்கிறது. ஒரு கொத்துப் பஞ்சை எடுத்துத் துளையின் ஓரமாக இழுத்தேன். அந்த இடத்தில் மட்டும் இழை மாட்டி நின்றது. விரலுக்குத் தெரியாத பிசிறு பஞ்சுக்குத் தெரியும். நூலும் அங்கேதான் மாட்டிப் பஞ்சாகி அறுந்துகொண்டிருந்தது. ‘அப்பப்ப நூலும் அறுது’ என்று மதினி சொன்னதற்கு விடை கிடைத்துவிட்டது.

தட்டுக்கு அடியில் பல் வரிசைகளுக்கு நடுவே அழுக்குப் பஞ்சு கம்பளி மாதிரி இறுகிக் கிடந்தது. டூத் பிரஷ்ஷும் இடுக்கியும் போதும். ஊதக் கூடாது, ஊதினால் எச்சில் ஈரத்தோடு இன்னும் உள்ளே போய் உட்காரும். பஞ்சோடு ஒரு உடைந்த ஊசி முனையும் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று காந்தத்தைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டேன், இன்னொரு துண்டும் வந்தது. ஆக, ஊசி உடைந்தது ஒரு தடவை இல்லை.

பிறகு ஷட்டில். பாபின் கேஸை எடுத்து, இரண்டு பக்கக் கொண்டியையும் தள்ளினால் வளையம் கழன்று ஷட்டில் கையில் வந்துவிடும். பின்னால் தண்டைச் சுற்றி நூல் கட்டுக் கட்டாக. சிவப்பு, நீலம் என்று துணியில் பளிச்சென்று தெரிய டெமோவுக்குப் போடும் நிறங்கள். நூல் கோத்திருக்கும்போது துணி இல்லாமல் ஓட்டினால் மேல்நூலும் கீழ்நூலும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெளியே தெரிந்ததை வெட்டிவிட்டு, உள்ளே போனதை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஊசிமுனையால் நெம்பி, கத்தரித்து, இடுக்கியால் இழுத்து எடுக்கத்தான் நேரம் அதிகம் பிடித்தது.

ஷட்டிலின் கூர்முனையை நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். முனை உடைந்திருந்தால் புது ஷட்டில்தான், தேய்த்துச் சரிசெய்ய முடியாது. தேய்க்கத் தேய்க்க முனை குட்டையாகி ஊசியைச் சந்திக்கும் நேரமே மாறிவிடும். இதில் முனை முழுசாக இருந்தது, பக்கவாட்டில் மட்டும் லேசான சொரசொரப்பு. 1500 நம்பர் வாட்டர் பேப்பரில் (ரொம்ப நைஸான தேய்ப்புத்தாள்) ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மெதுவாகத் தடவினேன். தட்டின் துளைக்கும் அதே வைத்தியம்தான்: பேப்பரைத் தீக்குச்சி கனத்துக்குச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்து, கடைசியில் பித்தளை பாலீஷ் தடவிய தடித்த நூலை இழுத்து மெருகு. சாதாரண உப்புத்தாளை எடுத்துவிட வேண்டாம், பிசிறு போய்க் கீறல் வந்து சேரும். பஞ்சு மாட்டாமல் வழுக்கி வருகிறவரை தேய்த்தேன்.

சுத்தம் செய்து பூட்டிப் பார்த்தும் அந்த ஒரு பக்கக் குத்து விட்டுக்கொண்டுதான் இருந்தது. நூல் அறுவது நின்றது, அவ்வளவே. சரி, டைமிங், அதாவது ஊசியும் ஷட்டில் முனையும் சந்திக்கும் நேரம்.

முகப்பு மூடியைக் கழற்றினால் ஊசியைத் தூக்கி இறக்கும் கம்பி தெரியும், நீடில் பார் என்பார்கள். நேர்த்தையலில் ஊசியை நடுவில் வைத்து, வீலைக் கையால் என் பக்கமாகச் சுற்றினேன். ஊசி அடிமட்டத்துக்குப் போய் மேலே கிளம்பி, ஷட்டில் முனை ஊசியின் முதுகைத் தொடும் நேரத்தில் நிறுத்திப் பார்த்தால், முனை ஊசிக் காதுக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் மேலே இருக்க வேண்டும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், ஆனால் சாதாரண வீட்டு மிஷினுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். இதில் முனை காதின் மேல்விளிம்பை ஒட்டியே போனது. நேர்த்தையலுக்கு அது எப்படியோ போதுமாக இருந்தது. ஜிக்ஜாக்கில் ஊசி இரண்டு பக்கமும் நகரும்போது, ஒரு பக்கத்தில் ஷட்டில் அதைச் சீக்கிரம் சந்திக்கும், மறுபக்கத்தில் தாமதமாக. தாமதமான பக்கத்தில் ஊசி அதற்குள் இன்னும் உயர்ந்திருக்கும், முனை காதுக்கு நேராகவே போய்விடும், பிடிக்கக் கண்ணி இருக்காது. தட்டில் இடித்த இடியில் நீடில் பார் அதன் பிடியில் வழுக்கி ஒரு மில்லிமீட்டர் போல மேலே ஏறியிருக்கிறது. மற்றபடி ஷட்டில் தண்டு, கியர் எதுவும் அசையவில்லை. அசைந்திருந்தால் நானும் மெக்கானிக்கிடம்தான் கொண்டுபோயிருப்பேன்.

வேலை என்னவோ ஒரு திருகுதான். ஆனால் அந்தத் திருகை முழுசாகத் தளர்த்தினால் கம்பி தொபுக்கென்று கீழே விழுந்துவிடும், பழைய இடம் எது என்றே தெரியாது. அதனால் முதலில் மார்க்கர் பேனாவால் கம்பியில் ஒரு கோடு. பிறகு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, கம்பியை விரலால் பிடித்து மயிரிழை மயிரிழையாக இறக்கி, இறுக்கி, வீலைச் சுற்றி, முனை எங்கே போகிறது என்று பார்த்து, மறுபடி. கம்பி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாமலும் பார்க்க வேண்டும். ஊசியின் தட்டைப் பக்கம் கோணலானால் வேறு வினை. ரொம்ப இறக்கினால் ஊசி பாபின் கேஸில் முட்டும், அதனால் ஒவ்வொரு முறையும் ஜிக்ஜாக்கை முழு அகலத்தில் வைத்துக் கையாலேயே இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்த பிறகுதான் பிளக்கைப் போட்டேன்.

ஜார்ஜெட்டில் ஒரு முழம் ஓட்டினேன். ஒரு குத்து விடவில்லை. பனியன் துணிக்குப் பந்துமுனை ஊசி போட்டேன், அதிலும் சுத்தம்.

அப்புறம் டென்ஷன், நூலின் இறுக்கம். பாபின் கேஸ் திருகை ஏகத்துக்கு இறுக்கி வைத்திருந்தார்கள். நூல் முனையைப் பிடித்துப் பாபின் கேஸைத் தொங்கவிட்டு லேசாக உலுக்கினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். இது ஆணி அடித்தது போல் தொங்கியது. திருகைத் துளித்துளியாகத் தளர்த்தினேன். துணைச் சாமான் பையில் இருந்த பாபின்களில் பாதி இந்த மிஷினுடையதே இல்லை. இதற்கு வேண்டியது 15 கிளாஸ் என்கிற அளவு பாபின், உயரம் 11.7 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பையில் கலந்து கிடந்தவை தொழிற்சாலைகளில் ஓடும் பவர் மிஷினின் பாபின், அதைவிடக் குட்டை. கேஸுக்குள் போகும், ஓடவும் செய்யும், ஆனால் உள்ளே ஆடிக்கொண்டே நூலை விடும், தையல் ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தளரும். அவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். பட்டன்ஹோல் ஃபுட் பையிலேயே இல்லை.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. கடை விளக்குச் சூட்டில் மாதக்கணக்கில் நின்று, யாரும் எண்ணெய் விடாமல் ஓடியதால் ஷட்டில் ஓடும் வட்டம் காய்ந்து கிடந்தது. தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும் மிஷின் ஆயில் ஒரு சொட்டு அங்கே, நீடில் பாருக்கு ஒரு சொட்டு. பிளாஸ்டிக் கியருக்கு ஆயில் விடக் கூடாது, அங்கே கிரீஸ் இருந்தது, அதைத் தொடவில்லை. தேங்காய் எண்ணெய் பாட்டிலை மதினி சமையலறையிலிருந்து கையோடு கொண்டு வந்திருந்தார். நம் பக்கத்தில் எத்தனையோ நல்ல மிஷின் அந்த எண்ணெய் பிசினாகி இறுகித்தான் செத்திருக்கிறது. பாட்டில் திரும்பிப் போனது.

பெடலைத்தான் சரிசெய்ய முடியவில்லை. மெதுவாக அமுக்கினால் ஒன்றும் நடக்காது, இன்னும் கொஞ்சம் அமுக்கினால் குதிரை மாதிரி பாயும். இத்தனை பேர் மிதித்த பெடல் வேறு எப்படி இருக்கும். உள்ளே 230 வோல்ட் ஓடுகிற சாமான் என்பதால் அதைப் பிரிக்கவில்லை, ஸ்பேர் கடையில் புதுசு வாங்கினோம். மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டுகள் தேய்ந்திருந்தால் காற்றுத் துளை வழியே தீப்பொறியும் கருகிய வாடையும் வரும். இருட்டில் ஓட்டிப் பார்த்தேன், பொறி கொஞ்சம்தான். பெல்ட்டின் பல் ஓரம் பிசிறு விட்டிருக்கிறது, இன்னும் ஆறு மாதம் தாங்கலாம்.

புது பெடல், ஜிக்ஜாக் ஃபுட், பட்டன்ஹோல் ஃபுட், நாலு பாபின், ஊசி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாயைத் தொட்டது. பல் வரிசை மாற்றவில்லை. மாற்றினால் இன்னும் ஆகும். மெக்கானிக் கூலி கொடுத்திருந்தால் தள்ளுபடியில் பாதிக்கு மேல் அங்கேயே கரைந்திருக்கும், அப்போது கேரண்டியும் இல்லை. 4,500 ரூபாய் லாபம் என்று நினைத்து வாங்கிய சாமானில் கையில் நின்ற லாபம் 2,600, அதுவும் என் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல்.

டெமோ மிஷினே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மெக்கானிக்கல் மாடல், மூன்றில் ஒரு பங்காவது விலை குறைகிறது, கழற்றிப் பார்க்க விடுகிறார்கள் என்றால் நானே வாங்குவேன். கடைக்குப் போகும்போது ஜார்ஜெட் துண்டு, பழைய பனியன், நாலு மடிப்பு ஜீன்ஸ், உங்கள் நூல், பிரிக்காத ஊசி பாக்கெட் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஃபுட்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். தட்டில் ஊசித் தழும்பு இருக்கிறதா பாருங்கள். பிறகு ஜிக்ஜாக்கை முழு அகலத்தில் வைத்து மெல்லிய துணியில் ஒரு முழம், பெடலை எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டாம். கம்ப்யூட்டர் மாடலில் டெமோ பீஸ் என்றால் எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. சர்க்யூட் போர்டு போனால் ஸ்க்ரூ டிரைவரும் வாட்டர் பேப்பரும் உதவாது. முழுக் கேரண்டி எழுத்தில் கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம்.

எழுத்தில் என்றால் பில்லில். மிஷின் தகட்டில் இருக்கும் சீரியல் நம்பர், கேரண்டி எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு காலம், கூட வரும் சாமான்கள் என்னென்ன என்று பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று போர்டு மாட்டியிருந்தாலும், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. பில்லில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள். வீட்டில் தைத்துச் சம்பாதிக்கிறவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கென்று வாங்கிப் பயன்படுத்துகிறவரும் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். டெமோ என்று தெரிந்தே வாங்கிவிட்டுத் தேய்மானத்துக்குச் சண்டை போட முடியாது என்பது என் எண்ணம். சீரியல் நம்பர் மாறியதும் பட்டன்ஹோல் ஃபுட் இல்லாததும் தேய்மானம் இல்லையே. நம்பரைக் காட்டி மதினி நேரில் போய்க் கேட்டதில், சரியான நம்பரோடு புது பில்லும் ஆறு மாதக் கேரண்டியும் எழுதிக் கொடுத்தார்கள். முன்பே போயிருந்தால் பெடலையும் கேட்டிருக்கலாம்.

பட்டன்ஹோல் இன்னும் பாக்கி. ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் கலகலவென்றும் விழுகிறது. முன்னோக்கிப் போகும் தையலையும் பின்னோக்கி வரும் தையலையும் சமப்படுத்த உள்ளே ஒரு திருகு இருக்கும், அதைத் தொட வேண்டும். அதற்குள் மதினி தெருவில் பாதிப் பேர் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க வாங்கி வைத்துவிட்டார். மிஷின் என் கைக்குத் திரும்பி வந்தால் பார்க்கலாம்.